வாட மறுத்த பன்னிரண்டு தொட்டிகள்

அன்பும் அறிவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையும் நிறைந்த மருமகளுக்கு, மாமா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அத்தையும் சுகம். பயிற்சி விடுதியில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "பரவாயில்ல மாமா" என்பாய். அந்தப் பரவாயில்லையைக் காதால் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. முதல் பக்கத்தை உட்கார்ந்து படி. இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

விஷயம் மொட்டை மாடித் தொட்டிகளைப் பற்றியது. நீ கிளம்புகிற அன்று என்னை மாடிக்கு அழைத்துப் போய் இருபத்துநான்கு தொட்டிகளையும் காட்டி, எல்லாவற்றிலும் இருப்பது மூடிக்கிடக்கும் முலாம் பட்டறைக்குப் பின்னால் அள்ளிய காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த மண், எல்லாவற்றிலும் கடுகுச் செடி, ஆனால் நீலக் கோடு போட்ட பன்னிரண்டில் மட்டும் உன் பாக்டீரியா உண்டு, சிவப்புக் கோடு போட்ட பன்னிரண்டில் கிடையாது என்று நிதானமாகச் சொன்னாய். அந்த பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியிருந்துகொண்டு காட்மியத்தை வழியிலேயே மடக்கித் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்றும், மிரண்டுபோன செடி தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ள ஒரு வாயுவைத் தயாரிக்குமே, அதற்கான சரக்கையே இது தின்றுவிடும் என்றும் சொன்னாய். பதற்றத்தைத் தின்கிற ஜீவன் ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நம் வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாக உன் அத்தைதான் அந்த வேலையைப் பார்க்கிறாள். கடைசியாக, "தினமும் காலையில தொட்டிக்கு ஒரு குவளை தண்ணி, அவ்வளவுதான் மாமா. சிவப்பு வாடும். நீங்க கண்டுக்காதீங்க" என்றாய். உன் ஆய்வேடு இந்த வருஷம் முடிவதும் முடியாததும் இந்தச் செடிகள் கையில் என்றும் சொன்னாய். ஓய்வுபெற்ற நாளிலிருந்து யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை.

முதல் வாரம் கண்ணும் கருத்துமாக ஊற்றினேன். இரண்டாம் வாரம் நீலம் எல்லாம் கொழுகொழுவென்று நிற்க, சிவப்பு எல்லாம் மஞ்சள் பூத்துத் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. நான் முப்பத்தொரு வருஷம் மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தை மேற்பார்வை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். நானூறு தட்டு. வரிசையில் முதலில் நிற்கிறவனுக்கு விழுந்த கரண்டிதான் கடைசியில் நிற்கிறவனுக்கும். பந்தி வஞ்சகம் என்ற பேச்சே என் காலத்தில் எழுந்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் பன்னிரண்டு பேருக்குப் போட்டுப் பன்னிரண்டு பேரைப் பட்டினி போடு என்றால் எப்படிம்மா முடியும். உன் அத்தையிடம் கேட்டேன், "இதுங்க என்ன தப்பு பண்ணிச்சு?" என்று. "அதுக்குப் பேருதான் ஆராய்ச்சியாம். நீங்க கீழ வாங்க" என்றாள். வந்தேன். வந்தவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். உன் பாக்டீரியா பாட்டில் இருந்தது. 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தாய். நான் தொடவில்லை, கரித்துணியால் பிடித்துத்தான் எடுத்தேன். உன் அத்தையின் அளவுக் கரண்டியால் சிவப்புக்குத் தலைக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, அந்தக் கரண்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்; நீ எதுவும் சொல்லிவிடாதே.

மூன்று நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டில் சரக்கு பத்தவில்லை போலிருக்கிறது என்று, நிறைந்த தட்டிலிருந்து காலித் தட்டுக்கு மாற்றுகிற பழக்கத்தில், ஒவ்வொரு நீலத் தொட்டியிலிருந்தும் ஒரு கை மண் எடுத்துப் பக்கத்துச் சிவப்பில் வேரோரமாகப் போட்டேன். ஒரே வாரத்தில் பன்னிரண்டும் நிமிர்ந்தன. புது இலை விட்டன. எனக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தேன். அப்போதுதான் உன் பேராசிரியரின் போன். "வெள்ளிக்கிழமை வரேன் சார். சிவப்பு எல்லாம் நல்லா வாடியிருக்கா?" என்றார். ஏன் வாட வேண்டும் என்றேன். "அது வாடினாத்தானே சார் பாக்டீரியா என்ன செஞ்சுதுன்னு காட்ட முடியும்" என்றார். உன் இரண்டரை வருஷ உழைப்பைப் பன்னிரண்டு கரண்டியில் காலி பண்ணிவிட்டேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. சிவப்புக்குத் தண்ணீரை நிறுத்தினேன், மழை பெய்தது. வெயிலில் நகர்த்தினேன், இன்னும் இரண்டு இலை விட்டன. வாடித் தொலையேன் என்று ஒரு செடியிடம் கைகூப்பிக் கெஞ்சிய ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கேயாவது ஒளித்துவைக்கலாம் என்றால், பின்பக்க பால்கனியில் பெயின்ட் காயவில்லை என்று உன் அத்தை மூன்று வாரமாகப் பூட்டியே வைத்திருக்கிறாள். என்ன பெயின்டோ தெரியவில்லை. பேராசிரியர் வந்துவிட்டார். ஒரே உயரத்தில், ஒரே பச்சையில் நின்ற இருபத்துநான்கையும் பார்த்தார். "இதுல எது சார் பாக்டீரியா போடாதது?" என்றார். பதற்றத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது: "நம்மகிட்ட அந்தப் பாரபட்சமே கிடையாது சார்." அவர் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக உன் அத்தை வந்து அவரைக் கீழே அழைத்துப் போனாள். அரை மணி நேரம் கழித்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனதை மாடியிலிருந்து பார்த்தேன். நம்பிக்கை முழுதாகப் போன மனுஷனின் சிரிப்பு அது.

அம்மா, இதற்கு என்ன பரிகாரம் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமென்றால் மண்ணை நானே சுமக்கிறேன். தண்ணீர் மட்டும் வேறு யாராவது ஊற்றட்டும்.

நீ நினைத்த காரியம் நினைத்தபடி முடியவும், இந்த மாமா பேரில் உனக்குள்ள கோபம் நீ ஏறும் ரயில் இங்கே வந்து சேர்வதற்குள் பாதியாகவாவது குறையவும் வாழ்த்தி ஆசீர்வதிக்கும்,
உன் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். உன் அத்தை கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். கரண்டி வந்த இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய் பின்பக்க பால்கனியைத் திறந்தாள். உள்ளே இருபத்துநான்கு தொட்டிகள். நீலம் பன்னிரண்டும் கொழுகொழுவென்று, சிவப்பு பன்னிரண்டும் சாகிற மாதிரி. "இதுதான் நிஜம். அவ பேராசிரியரு அன்னைக்கு இங்க நின்னுதான் போட்டோ எடுத்துட்டுப் போனாரு" என்றாள். அப்படியென்றால் மாடியில் இருப்பது எதற்கு என்று கேட்டேன். "உங்களை இந்தப் பக்கம் வராம வெக்கத்தான். 'மாமாவுக்கு மனசு கேக்காது அத்தை, அவருக்குத் தனியா ஒரு செட்டு குடுத்துடலாம்'னு உங்க மருமகதான் சொன்னா."

உன் படிப்புக்குக் கெடுதல் இல்லை என்பதில் பெரிய நிம்மதி. என்னை நம்பவில்லையே என்பதில் வருத்தம்தான், மறைப்பானேன். ஆனால் அந்தச் சிவப்பு பன்னிரண்டையும் நான் பார்த்துவிட்டேன். சாப்பாட்டு வரிசையின் கடைசியில் தட்டோடு நிற்கிற பிள்ளைகள் மாதிரியே இருக்கின்றன. உன் அத்தை பால்கனிச் சாவியைத் திரும்ப எங்கே வைத்தாள் என்பதையும் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டேன். பயிற்சி போதும், உடனே கிளம்பி வா.