குளிர்ந்த காற்றுக்கு ரெண்டு எல்போ

“கார் இன்ஜினுக்கு எதுக்குங்க பாத்ரூம் பைப்பு?”

“கத்தாத. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும்! அஞ்சு மணிக்கு எங்கப்பா வந்து நிக்கும்போது தெருவே சேந்து பதில் சொல்லட்டும்!”

எதிர்ப் பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது. மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“இது பாத்ரூம் பைப் இல்ல. புத்தம் புதுசு. ரெண்டரை இஞ்ச்” என்றார் எல்போ மனைவியிடம்.

அவர் பிளம்பர். குழாய் எங்கே ஒழுகினாலும், முழங்கை மாதிரி வளைந்த ஒரு இணைப்பை எடுத்து, “இங்க ஒரு எல்போ போட்டா முடிஞ்சுபோச்சு” என்பார். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதுவே பேராகி ஒட்டிக்கொண்டது.

கார் மாமனாருடையது. அதற்கு வயது முப்பது. கண் ஆபரேஷன் செய்துகொண்டவர், ஒரு மாசத்துக்கு வண்டியை மகள் வீட்டில் விட்டிருந்தார். மகள் நர்ஸ். ஆஸ்பத்திரி மேட்டு மேல் இருக்கிறது. பஸ் பாதி தூரத்தோடு நின்றுவிடும். “நான் குடுத்தபடியே வண்டி இருந்துச்சுன்னா, அன்னிக்கே உன் பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டுடறேன். இல்லைன்னா உன் தம்பிக்குத்தான்” என்று சொல்லியிருந்தார். கூடவே ஒரு கட்டளை: போனட்டை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. ஆயில், தண்ணீர் எல்லாம் அவரேதான் பார்ப்பார். அதுவும் எல்லாரையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டுத்தான் பார்ப்பார். வண்டி மேல் மனுஷனுக்கு அவ்வளவு பாசம் என்று குடும்பமே நம்பியது.

ஆனால் மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. கையில் பிளாஸ்க்கோடு நடந்து போகிறவர்கள்கூட மனைவியை முந்திக்கொண்டு போனார்கள். எல்போவுக்கு மனசு தாங்கவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தார். இன்ஜின் போனட்டுக்குள்ளே இருக்கிற சூடான காற்றையே குடிக்கிறதாம். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் பிய்த்துக்கொண்டு போகுமாம். அப்பாடா, இது குழாய் வேலை!

காலையில் போனட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில், அடியில் ஓட்டை போட்ட ஒரு கறுப்புத் தகர உருளை. ‘இவ்ளோ பெரிய இன்ஜினுக்கு இவ்ளோண்டு மூக்கா? கம்பெனிக்காரனுக்கு அறிவே இல்ல.’ ரம்பத்தால் அதை அறுத்துக் குப்பையில் வீசினார். பைப்பைச் சொருகி, ரெண்டு எல்போ போட்டு, முன் கம்பி வலைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மூணாங்கிளாஸ்ல டிபன் டப்பாவைத் தொலைச்சேன்னு எங்கப்பா ஒரு மாசம் என்கூடப் பேசலைங்க. நீங்க அவரு காரையே அறுத்து வெச்சிருக்கீங்க!”

“ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசு.”

ஓட்டினார்கள். வண்டி பறந்ததா என்பது வேறு விஷயம், ஊளையிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, குக்கர் விசிலில் ஆரம்பித்துக் கப்பல் சங்கு வரைக்கும் போனது. மூணு வீட்டு ஜன்னல் திறந்தது.

“காத்து வேகமா போகுதுல்ல, அதான்” என்று சொல்லி, பைப் வாயில் தன் சாக்ஸை மாட்டி ரப்பர் பேண்டு போட்டார் எல்போ. சத்தம் அடங்கியது. அடுத்த மிதியில் சாக்ஸும் காணாமல் போனது.

“எங்கங்க சாக்ஸ்?”

“உள்ள போயிடுச்சு.”

“உள்ளன்னா?”

“உள்ளதான்.”

வண்டி இருமியது. நின்றது. தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தார்கள்.

“சரி, பைப்பைக் கழட்டி சாக்ஸை எடுங்க.”

எல்போ தலையைச் சொறிந்தார்.

“என்ன?”

“ஜாயிண்டுக்கெல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டிட்டேன்.”

“காத்துக் குழாய்க்கு யாராவது சொல்யூஷன் போடுவாங்களா?”

“கை பழக்கம். பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது!”

மனைவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “காலைல ஆறு மணி டியூட்டிக்கு அந்த மேட்டை இனி நடந்தே ஏறறேன். என் தம்பி கார்ல போகட்டும்.”

எல்போ ரம்பத்தைத் தேடி எடுத்தார். பைப்பை அறுக்கப் போனார்; அவசரத்தில் ஃபில்டர் பெட்டி விரிசல் விட்டது. விரிசலுக்கு டேப் சுற்றினார். சூட்டில் டேப் உருகி வழிந்தது. பழைய உருளையையாவது திரும்ப மாட்டலாம் என்று குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். அதைக் காணவில்லை. வெள்ளைப் பைப் பளிச்சென்று பல்லைக் காட்ட, அதற்கு பூட் பாலிஷ் தடவிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது.

மணி மூணரை. கறுப்புக் கண்ணாடியோடு மாமனார்.

எல்போ போனட்டை டப்பென்று மூடி அதன் மேலேயே சாய்ந்தார்.

“என்ன மாப்ள, கையெல்லாம் கறுப்பு?”

“ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன் மாமா.”

மாமனார் அவர் காலைப் பார்த்தார். ஹவாய் செருப்பு. ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

“போனட்டை யாராவது திறந்தீங்களா?”

“சேச்சே!”

“நிச்சயமா?”

“ஐயோ, தொடக்கூட இல்ல.”

“நல்லது. பொருளைப் பொறுப்பா வெச்சுக்கணும். உங்க பொண்டாட்டி சின்ன வயசுல டிபன் டப்பாவைத் தொலைச்சாளே, அந்த மாதிரி இருக்கக் கூடாது” என்றவர், பையிலிருந்து பேப்பரை எடுத்துக் காட்டினார். “ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கையெழுத்து.”

எல்போ ஓட்டினார். மனைவி பின்சீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு ஊளை போட்டது, ரெண்டு இருமல் இருமியது, பட்டறைக்கு நேர் எதிரே செத்துப்போனது. மெழுகு வாசனையோடு புகை வந்தது.

மூணு பேரும் இறங்கினார்கள். எல்போ ஓடிப்போய் போனட்டுக்குக் குறுக்கே நின்றார். “திறக்காதீங்க மாமா! கொதிக்கும்!”

“ஆமாமா, திறக்கவே வேணாம்!” மாமனாரும் பக்கத்தில் வந்து போனட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் நெற்றியெல்லாம் வேர்வை. “ஆறட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம். நான் மட்டும் பாத்துக்கறேன்.”

“கரெக்ட் மாமா.”

“அதான் மாப்ள.”

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. நாலு பேரைத் தூக்கிப் படுக்க வைக்கிற கை அது. இரண்டு பேரையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு போனட்டைத் தூக்கினாள். கறுப்பும் வெள்ளையுமாக வரிக்குதிரை மாதிரி ஒரு பைப். உருகிய டேப். விரிசல் வழியாக எட்டிப் பார்க்கும் ஒரு சாக்ஸ் நுனி.

“அப்பா, இனிமே மறைக்க முடியாது. மேட்டுல எனக்காகத்தான் இவரு இதைப் பண்ணாரு. இங்க இருந்த கம்பெனி பார்ட்டை அறுத்துட்டாரு.”

எல்போ கண்ணை மூடிக்கொண்டார். கார் போச்சு. மச்சினன் முகம் தெரிந்தது.

“அறுத்தாச்சா?” மாமனார் குரல் தணிவாக வந்தது. “அது இப்ப எங்க?”

“குப்பைல போட்டேன் மாமா. காணோம். மன்னிச்சிடுங்க.”

“காணோமா? நிச்சயமா காணோமா?” மாமனார் நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார். “விடுங்க மாப்ள! ஒரு தகரத்துக்குப் போய் இவ்ளோ கவலையா? பேனாவக் குடும்மா.”

எல்போவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் போனட் ஓரத்தில் பேப்பரை விரித்துப் பேனா மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் பட்டறையிலிருந்து மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“அண்ணே, நீங்க தூக்கிப் போட்ட கம்பெனி பார்ட்டு என்கிட்டதான் இருக்கு. ஆயில் ஊத்தப் புனலாகும்னு எடுத்துப் பெட்ரோல்ல கழுவினேன், பெயிண்ட் உரிஞ்சுபோச்சு. கம்பெனிக்காரன் எதுக்குண்ணே இதுல ‘மூணாம் வகுப்பு, ஆ பிரிவு’ன்னு வெட்டி வெச்சிருக்கான்?”

பேனா நடுவழியில் நிற்கிறது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமனார் இப்போது என்னதான் சொல்லலாம்? தெரிந்தவர்கள் உடனே பதில் எழுதுங்கள், அவருக்கு அவசரம்.