கச்சேரி ரோட்டில் தைத்த சூரியன்

"விளிம்பே கிடையாதுன்னா நான் எங்கேருந்து வெட்றது டீச்சரம்மா?" என்று கேட்டார் உமர் ஃபாரூக்.

கழுத்தில் அளவு நாடா தொங்க, மேஜைமேல் விரித்து வைத்திருந்த புத்தகத்தை அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பக்கம் முழுக்க ஒரே ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை போட்ட மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. கோட்டு, ஷெர்வானி, ஜிப்பா, பாதிரியாரின் அங்கி என்று எத்தனையோ படங்களைப் பார்த்துத் தைத்த மனிதர்தான். ஆனால் இந்த உருப்படிக்குக் கழுத்தும் இல்லை, கையும் இல்லை.

"சூரியன் முழுக்க வாயு, பாய்" என்றாள் விசாலாக்ஷி டீச்சர். "தொட்டா கையில தட்டுப்படற மாதிரி மேல்தோல்னு ஒண்ணு அதுக்குக் கிடையாது."

"இன்னா வாயு?"

"கிட்டத்தட்ட முக்கால்வாசி ஹைட்ரஜன். மீதியில பெரும்பங்கு ஹீலியம். இரும்பு, கரி எல்லாம் சிட்டிகை சிட்டிகையா. பழைய புஸ்தகத்துல எல்லாம் இரும்புதான் ஜாஸ்தின்னு போட்டிருந்தா. இப்போ அது தப்புன்னு ஆயிடுத்து."

"வாயுவை ஒரு பையில இல்ல போட்டு வெக்கணும்? பையில்லாம எப்படி நிக்கும்? யார் கட்டி வெச்சிருக்காங்க?"

"யாரும் கட்டலே. அதோட கனமே அதை இழுத்துப் பிடிச்சுண்டிருக்கு."

உமர் ஃபாரூக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு விஞ்ஞானக் கண்காட்சி வைக்க முடிவாகி, சூரியன் விசாலாக்ஷி டீச்சர் பொறுப்பில் வந்திருந்தது. ஓர் ஆள் உயரத்தில் உருண்டையாக, மேடையில் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்து பார்ப்பாள்.

"அட்டையிலே ஒரு வட்டம் வெட்டி வெச்சா போறும்னா எல்லாரும். எனக்கு மனசு ஒப்பலே" என்றாள் டீச்சர். பிறகு குரலைத் தணித்து, "இது சரியா அமையலேன்னா இனிமே இந்த மாதிரிக் காரியத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டா, பாய்" என்றாள்.

அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. பக்கத்து சைக்கிள் கடை ஷாஹுல் ஹமீது காதில் விழும்படியாகவே சொன்னார்: "தைக்க முடியாத பொருள்னு ஒலகத்துல ஒண்ணு கிடையாது டீச்சரம்மா. மூணு வாரம் குடுங்க."

முதல் சிக்கல் துணி. ரேஷன் துணிக்கடையில் கார்டை நீட்டி இருபத்தைந்து கெஜம் மஞ்சள் மல் துணி கேட்டார். குமாஸ்தா கார்டைப் பார்த்தான்.

"வீட்டுல ரெண்டு பேர்தானே? இவ்வளவு துணி யாருக்கு?"

"சூரியனுக்கு."

"கார்டுல பேர் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கடைசியில் விசாலாக்ஷி டீச்சரே தன் அப்பாவின் பழைய வேஷ்டிகள் ஆறைக் கொண்டுவந்து கொடுத்தாள். உமர் ஃபாரூக்கின் மனைவி அஸ்மத்துன்னிசா அவற்றை அண்டாவில் போட்டு மஞ்சள் கரைத்துச் சாயம் ஏற்றினாள். சூரியன் கடையின் பின்கட்டு முற்றத்தில் கொடியில் காய்ந்தது.

மூங்கில் பிளாச்சில் வளையம் கட்டி அதன்மேல் துணி போர்த்துவதென்று திட்டம். பன்னிரண்டு துண்டுகளாக வெட்ட உட்கார்ந்தார். டீச்சர் தயங்கித் தயங்கி, "ஆரஞ்சுச் சுளை மாதிரி பதினாறா வெட்டினா உருண்டை இன்னும் நன்னா வருமோ?" என்றாள்.

உமர் ஃபாரூக் சிரித்தார். "படிப்பு வேற, கத்திரி வேற டீச்சரம்மா. நீங்க சூரியனைச் சொல்லுங்க, துணியை என்கிட்ட வுட்டுடுங்க. இதோ பாருங்க, இப்படி மடிச்சுத் தைக்கிறதுக்குப் பேரு ஹெம்மிங்."

"ஓஹோ" என்று டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

நாலு நாளில் முதல் சூரியன் தயாராயிற்று. டீச்சர் வந்து சுற்றிப் பார்த்தாள். துணிக்குள் மூங்கில் வரிவரியாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"சூரியனுக்கு எலும்பு கிடையாது பாய்" என்றாள் வருத்தத்தோடு.

எலும்பை எடுத்தார். எடுத்ததும் சூரியன் தரையில் துவைக்காத துணி மாதிரி விழுந்தது. உள்ளே எதையாவது திணிக்க வேண்டும். வாயுவுக்குக் கிட்டத்தில் வரக்கூடிய லேசான சரக்கு இலவம்பஞ்சுதான். வீட்டில் தலையணை நாலு இருந்தது. நாலும் சூரியனுக்குள் போயிற்று. போதவில்லை. மெத்தையும் போயிற்று.

அஸ்மத்துன்னிசா வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மெத்தை எங்க?"

"சூரியனுக்குள்ளே கீது."

"கட்டில்ல நாம வெறும் பலகையில படுக்கணும், அது மட்டும் மெத்துனு ஒக்காந்துக்கினு இருக்கணுமா?"

"மூணு வாரம்தான் அஸ்மத்து. பாவம், படிச்ச பொம்பளை. நம்மள நம்பிக் குடுத்திருக்கு."

அவள் உள்ளே போனாள். ஆனால் சற்று நேரத்தில் ஊறுகாய் ஜாடி உருளாமல் முட்டுக்கொடுத்திருந்த பஞ்சுமூட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "இதையும் போட்டுக்கோங்க, எடது பக்கம் தொய்யுது" என்று வைத்துவிட்டுப் போனாள்.

எடது பக்கம் மட்டுமா தொய்ந்தது? பஞ்சு முழுக்கக் கீழே இறங்கி, மேலே சூம்பி, ஒரு பெரிய பலாப்பழம் கடையில் உட்கார்ந்திருந்தது. மகளின் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த கோதண்டபாணி என்ற வக்கீல் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட அளவு?" என்று கவலையோடு கேட்டார்.

டீச்சரும் பார்த்தாள். "கீழே இறங்கப்படாது பாய். சூரியன்ல கீழேன்னு ஒண்ணு கிடையாது. எல்லாப் பக்கத்துலேருந்தும் நடுவைப் பார்த்துத்தான் இழுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கறதனாலதான் அது உருண்டையா இருக்கு."

அவள் போனபின் உமர் ஃபாரூக் தையல் மிஷினின் மிதிமேல் காலை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவைப் பார்த்து. மெத்தை தைப்பவன் என்ன செய்கிறான்? மேலேயிருந்து ஊசியை இறக்கி அடியில் இழுத்து முடிச்சுப் போடுகிறான். பஞ்சு நகராமல் நிற்கிறது. அப்படியே சூரியனுக்கும் போட்டால்?

நடுவில் ஒரு மர வளையத்தை வைத்தார். மேல்துணியின் நூறு இடங்களிலிருந்து நூறு நூலை உள்ளே விட்டு, எல்லாவற்றையும் அந்த வளையத்தில் கொண்டுபோய்க் கட்டினார். வெளியே ஒரு முடிச்சும் தெரியவில்லை. கூடவே பன்னிரண்டு துண்டைப் பிரித்துப் பதினாறாக வெட்டினார். துணி குறைந்ததால் தலையணை உறைகளும் மஞ்சள் குளித்தன. "பதினாறுதான் சரி வரும்னு எனக்கு அப்பவே தோணிச்சு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார்.

நூல்களை இழுத்து இறுக்கியதும் சூரியன் நகர்வதை நிறுத்தியது. ஆனால் சுருங்க ஆரம்பித்தது. இறுக்க இறுக்க நெல்லிக்காய் மாதிரி வரிவிழுந்து இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு டீச்சர் வந்தபோது அவர் வரவேற்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"டீச்சரம்மா, நீங்க சொன்ன கணக்கு ஒதைக்குது. எல்லாம் நடுவைப் பார்த்து இழுத்துக்கினே இருந்தா, சூரியன் இந்நேரம் கடுகாட்டம் ஆயிருக்கணுமே. எதிர்ப்பக்கம் தள்றதுக்கு ஏதோ ஒண்ணு உள்ளே கீது. நீங்க என்கிட்ட அதைச் சொல்லலை."

விசாலாக்ஷி டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இதையேதான் பாய் பெரிய பெரிய ஆளெல்லாம் கேட்டுண்டா" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நடுவுல சூடு ஒரு கோடி டிகிரிக்கும் மேல. அந்தச் சூட்டுலயும் நெருக்கத்துலயும் ஹைட்ரஜன் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஹீலியமா மாறிண்டே இருக்கு. அதுல கிளம்பற சூடு வெளியே தள்றது. கனம் உள்ளே இழுக்கறது. ரெண்டும் சரிசமம். அதனாலதான் நிக்கறது."

"அப்போ ஒரு புட்பால் பிளாடர் வேணும்" என்றார் உமர் ஃபாரூக்.

ஒன்று போதாதென்று தெரிந்தது. யுத்தத்தில் ரப்பர் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்த காலம். ஷாஹுல் ஹமீது எங்கெங்கோ தேடி ஏழு பழைய பிளாடர் கொண்டுவந்தான். ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட சரக்கு.

"ரெண்டு மணி நேரம் தாங்கும் பாய். மேல கேக்காத" என்றான்.

நூல்களுக்கு நடுவே ஏழையும் சொருகி, சைக்கிள் பம்பால் அடித்தார்கள். உள்ளே காற்றுத் தள்ள, நூல் இழுக்க, சூரியன் மெல்லத் திரண்டது. வரிகள் நிரவின. தோளுயரம் வந்தது, தலையுயரம் வந்தது. ஒரு முடிச்சில்லை, ஒரு எலும்பில்லை. உமர் ஃபாரூக் உள்ளங்கையால் அதன் தையலைத் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் அவர் கடையின் உள்பக்கச் சுவருக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்பதைக் கவனித்தார். வாசலை அது முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

வெளியே கோதண்டபாணியின் குரல் கேட்டது. "பாய், கோட்டு ஆச்சா? நாளன்னிக்கு முகூர்த்தம்."

"ஆச்சு சார்" என்றது சூரியன்.

"எங்கே இருக்கு?"

"பின்னாடி. என்கூடத்தான் கீது."

"நீ எங்கே இருக்கே?"

அதற்குப் பதில் சொல்வதைவிடக் காற்றைப் பிடுங்குவது எளிது என்று பிடுங்கிவிட்டார். வக்கீலின் கோட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது. "கல்யாணத்துக்கு நல்ல சகுனம் சார்" என்றார். அவரும் சற்று யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

விழா அன்று சூரியனைச் சுருட்டி ரிக்ஷாவில் ஏற்றிப் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதாக ஏற்பாடு. இரண்டரைக்கே காற்றடித்து மேடையில் நிறுத்திவிட்டு, உமர் ஃபாரூக் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஹாலுக்குள் நுழைந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தியது அவருக்குக் கேட்டது.

மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. இன்ஸ்பெக்ட்ரஸ் வரவில்லை. தேனாம்பேட்டையில் கார் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் வந்து தாவரங்களையும் தவளையையும் பார்த்து முடித்து மேடையேறும்போது நாலே முக்கால்.

அதற்குள் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன 'உஸ்' கேட்க ஆரம்பித்திருந்தது.

"இது வாயுவென்றால், இதை எது பிடித்து வைத்திருக்கிறது?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்ட்ரஸ். கேட்டவள் தலை நரைத்தவள், சுலபத்தில் சிரிக்காதவள்.

விசாலாக்ஷி டீச்சர் சொல்லத் தொடங்கினாள். கனம் இழுப்பதையும் சூடு தள்ளுவதையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே சூரியனின் வலது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. பிறகு தலையில். இரண்டாவது 'உஸ்' சேர்ந்துகொண்டது. நூறு நூலும் தங்கள் வேலையை நேர்மையாகச் செய்தன. ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மயிலாப்பூர் சூரியன் சுருங்கிற்று.

உமர் ஃபாரூக் திரையை இறுகப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் தைத்த எந்தத் துணியும் போட்டவர் மானத்தை இப்படி வாங்கியதில்லை.

டீச்சர் ஒருமுறை திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். பிறகு அதே குரலில் சொன்னாள்:

"இப்போ பார்த்துண்டிருக்கேளே, இதுதான் கோடானுகோடி வருஷம் கழிச்சு நடக்கப்போறது. நடுவுல இருக்கற ஹைட்ரஜன் தீர்ந்து போனா தள்றதுக்கு ஆள் இல்லை. இழுக்கற கனம் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியில தன்னைத் தானே இழுத்துண்டு சின்னதா, கெட்டியா ஆயிடும்."

சூரியன் இடுப்புயரத்தில் வந்து நின்றது. ஒரு பெண் விசும்பினாள். இன்ஸ்பெக்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கைதட்டினாள். அதன்பின் ஹாலே தட்டியது.

"எத்தனையோ பள்ளிக்கூடத்தில் அட்டைச் சூரியன் பார்த்திருக்கிறேன். எல்லாம் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருக்கும். இதைச் செய்தது யார்?"

டீச்சர் திரையை விலக்கி அவரை இழுத்துவந்து நிறுத்தினாள். "உமர் ஃபாரூக் பாய். கச்சேரி ரோட்டுல தையற்கடை."

"முடிச்சு எங்கே போட்டீர்கள்?" என்றாள் இன்ஸ்பெக்ட்ரஸ்.

"வெளியே முடிச்சே கிடையாதும்மா" என்றார் அவர். "ஒவ்வொரு நூலும் நடுவுக்குத்தான் போவுது. அசல் சூரியனும் அப்படித்தான். வெளியேருந்து யாரும் கட்டலை. அதோட கனம் அதை இழுக்குது, அதோட சூடு அதைத் தள்ளுது. ரெண்டும் ஒத்துப் போறவரைக்கும் நிக்கும்."

இன்ஸ்பெக்ட்ரஸ் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். விசாலாக்ஷி டீச்சர் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே வரிசையில் உட்கார்ந்திருந்த அஸ்மத்துன்னிசா பக்கத்திலிருந்தவளிடம், "அது எங்க வீட்டு மெத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தபின் உமர் ஃபாரூக் மேடைப்படியில் உட்கார்ந்து சூரியனை மடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து ஆயா தேவானை ஹாலைப் பெருக்கிக்கொண்டே அருகில் வந்தாள்.

"உங்க சயன்ஸ் டீச்சர் இருக்காங்களே, பெரிய மூளை" என்றார் அவர், மனம் நிறைந்து. "என்னையே பேச வெச்சுட்டாங்க பாத்தியா? ஆனா பாவம், ஊசி நூல்னா ஒண்ணும் தெரியலை. ஹெம்மிங்குன்னா இன்னான்னு நான்தான் ஒக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன்."

தேவானை துடைப்பத்தை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு, விசாலாக்ஷியம்மாவா? சயன்ஸ் டீச்சரு கண்ணாலம் கட்டிக்கினு பம்பாய்க்குப் பூட்டாங்க பாய். இவங்க பன்னெண்டு வருசமா இங்க தையல் டீச்சராச்சே."