சுடக்கூடாத துப்பாக்கி

அது போர்க்காலத்து நவம்பரா டிசம்பரா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மலையில் பனி விழுந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான். ஆனால் துப்பாக்கி ஒழுங்காகச் சுடத் தொடங்கியதும் மேஸ்திரி ஃபௌஸ்தீனோவின் முகம் வெளுத்துப்போனது நிச்சயம்.

"மேஸ்திரி, நிக்காம சுடுது!" என்றான் அவருடன் வேலைசெய்யும் ஒத்தாவியோ.

"கத்தாதடா. யார் காதுலயாவது விழப்போகுது."

இரட்டைக் குழல், தலைமேல் தோட்டாப் பெட்டி. உலகத்திலேயே அப்படி ஒன்று இது மட்டும்தான். பிரெசியா நகருக்கு மேலே, வீட்டுக்கு வீடு துப்பாக்கி செய்யும் பள்ளத்தாக்கில், ஃபௌஸ்தீனோவின் பட்டறை ராணுவச் சோதனைக்காக அதைச் செய்துகொண்டிருந்தது. சோதனை முடியும்வரை பட்டறையின் ஐந்து பேரையும் ராணுவம் தொடாது. தேறினால் துப்பாக்கி பெரிய ஆலைக்குப் போகும். தோற்றால் குப்பைக்குப் போகும். எப்படியானாலும் ஐவரும் ருஷ்யப் போர்முனைக்கு ரயிலேற வேண்டியதுதான். ஏற்கெனவே போன பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமிருந்து கடிதம் வருவது நின்றிருந்தது.

கேப்டன் பெர்தொலாஸி இதுவரை இரண்டு முறை தன் தோட்டாக்களுடன் வந்து சோதித்திருந்தார். இரண்டு முறையும் அது சுட மறுத்தது. "இன்னும் கொஞ்சம் சீர்செய்யணும்" என்று போய்விட்டார். முதல் முறை ஃபௌஸ்தீனோ வெட்கத்தில் சாப்பிடவில்லை. இரண்டாம் முறைதான் அந்த வாக்கியத்தின் இனிமை பிடிபட்டது.

இப்போது பட்டறைத் தோட்டாக்களைப் போட்டால் சனியன் சுடுகிறது. வெள்ளிக்கிழமை கேப்டன் வருகிறார்.

"பூட்டை அராவித் தளர்த்து. கெட்டுப்போகட்டும்" என்றார் ஃபௌஸ்தீனோ.

தளர்த்தினார்கள். முன்பு மண் பட்டால் திணறியது, இப்போது மண்ணைத் துப்பிவிட்டுச் சுட்டது.

"ஸ்பிரிங்கைப் பாதியா வெட்டு."

வெட்டினார்கள். தையல் மிஷின் போல ஓடியது.

"குழல்ல ஓட்டை போடு. அப்புறம் எப்படிச் சுடும்னு பாக்கறேன்."

ஓட்டை வழியே புகை மேலே பீறிட, குழல் எம்பாமல் நின்றது. குண்டுகள் எல்லாம் பலகையில் ஒரே இடத்தில் பாய்ந்தன.

ஒத்தாவியோ பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "மேஸ்திரி, உங்களுக்குக் கெட்ட வேலை செய்யவே வராதா?"

"கை கேக்க மாட்டேங்குதுடா."

ஃபௌஸ்தீனோ வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, கேப்டன் தன் தோட்டாக்களைப் போட்டு மலையை நோக்கிக் குறிவைத்தார். ஐவரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஃபௌஸ்தீனோ கண்ணை மூடிக்கொண்டார்.

டிக்.

மறுபடியும், டிக்.

கேப்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இன்னும் கொஞ்சம் சீர்செய்யணும், மேஸ்திரி. அவசரமே இல்ல. வசந்தகாலம் வரட்டும்."

பிழைத்தாயிற்று. ஆனாலும் ஃபௌஸ்தீனோவுக்கு நெஞ்சு ஆறவில்லை. கேப்டனின் காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டிரைவர் கில்தோவிடம் போய் நின்றார். சொல்லக்கூடாது என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"தம்பி, நேத்துவரைக்கும் நல்லா சுட்டுச்சுப்பா! சத்தியமா!"

கில்தோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அது சுடுமா சுடாதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும், மேஸ்திரி? முதல் தடவையிலேர்ந்தே தோட்டாவச் சோளக்களி அண்டாவுல போட்டு நாள் பூரா வேகவெச்சுத்தானே கொண்டுவர்றேன். சோதனை முடிஞ்சா கேப்டனையும் என்னையும் மட்டும் ருஷ்யாவுக்கு அனுப்பாம விட்டுருவாங்களா?"

பட்டறையின் ஐவரும் போரில் பிழைத்தார்கள். கேப்டன் பள்ளி ஆசிரியரானார், கில்தோ லாரி ஓட்டினான். துப்பாக்கி ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே 'ஒருமுறைகூடச் சுடாதது' என்று எழுதியிருக்கிறார்கள். ஃபௌஸ்தீனோ ஒருநாள் போய் அதைப் படித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.