பக்கத்து நாற்காலி வரலாற்றாசிரியர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. இவர்களைத் தேடிப் போகவேண்டியதில்லை; வேறு யாரையாவது தேடிப் போனால் போதும், இவர்கள் அகப்படுவார்கள். ஒரு பெண்ணிடம் அவள் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவுசெய்யலாம் என்று ரெக்கார்டரோடு போய் உட்காருங்கள். கேள்வி உங்கள் வாயைவிட்டு முழுதாக வெளியே வருமுன் பக்கத்து நாற்காலி கிறீச்சிடும், ஒரு தொண்டை செருமும், பதில் அங்கிருந்து வரும்.

அவர் கணவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அண்ணனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம். ஒரு வீட்டில் மின்விசிறி பழுதுபார்க்க வந்தவரே ஸ்டூல்மேல் நின்றபடி அந்த அம்மாவின் சிறைவாசத்தை எனக்கு விவரித்திருக்கிறார். ஆனால் எல்லோருக்கும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "அவங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது. நான் சொல்றேன், எழுதிக்கோ."

ஆடைத் தொழிற்சாலைச் சங்கம் தன் பெண்களின் நினைவுகளை நூலாகக் கொண்டுவருகிறது. தொகுக்கும் வேலை என்னுடையது. நாற்பது வருடத்துக்கு முன் நடந்த முதல் வேலைநிறுத்தத்தைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருக்கிறது: 'வாயிலில் துணைச் செயலாளர் ஆற்றிய உரையைக் கேட்க இருநூறு பெண்கள் தையல் எந்திரங்களை நிறுத்திவிட்டு அணிவகுத்து வந்தனர்.' இதைச் சொன்னவர் யார்? துணைச் செயலாளர்தான். அந்தப் பக்கம் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் அவருடைய மனைவியிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. இருபத்திரண்டு வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்ததால் அவருக்குக் காலர் அக்கா என்று பெயர்.

"அந்தப் பக்கம் தப்பும்மா. நாளைக்குள்ள மாத்தணும்னா இன்னைக்கே வா."

போனேன். ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்தேன். "அக்கா, அன்னைக்கு வேலைநிறுத்தம் எப்படித் தொடங்கிச்சு?"

நாற்காலி கிறீச்சிட்டது.

"காலையில பனிம்மா, நல்ல பனி" என்று ஆரம்பித்தார் துணைச் செயலாளர். பனியிலிருந்து உலகப் பொருளாதாரத்துக்குப் போனார், அங்கிருந்து தன் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு இறங்கினார், பரிசாகக் கிடைத்த பேனாவின் நிறத்தைச் சொன்னார். நடுவில் அக்கா இரண்டு முறை வாய் திறந்தார். இரண்டு முறையும், "இரு, அதுக்குத்தான் வர்றேன்" என்றார் கணவர். வரவில்லை. இந்த வகையினர் எப்போதும் வந்துகொண்டே இருப்பார்கள்.

அக்காவுக்கு இது புதிதா என்ன?

"ஏங்க, அந்தப் போட்டோ பரண்மேலதானே இருக்கு? நீங்க கைய உசத்திப் பேசுற மாதிரி இருக்குமே. இவ பார்க்கட்டுமே."

மனிதர் ஏணிக்குப் பறந்தார். அக்கா தன் நாற்காலியை ரெக்கார்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கழிவறைக்குப் போகணும்னா மரத்துல ஒரு டோக்கன் குடுப்பாங்க. இருநூறு பேருக்கு ரெண்டு. அன்னைக்குக் காலையில மேற்பார்வையாளர் ஒண்ண எடுத்து மேசைக்குள்ள பூட்டிட்டான். 'ஒண்ணு போதும், வரிசையில நின்னு போங்க'ன்னான். சரின்னு மொத ஆளா அந்த டோக்கன நான் வாங்கிட்டுப் போனேன். உள்ள தாழ் போட்டு உக்காந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி விழுந்தது. "தேதி பதினாலு! எழுதிக்கிட்டியா?" என்று குரல் வந்தது.

"எழுதியாச்சுங்க!" என்றார் அக்கா. "மத்தவங்க எல்லாம் ஒருத்தி பின்னால ஒருத்தியா எந்திரிச்சு வந்து வரிசையில நின்னாங்க. வேலைநிறுத்தம்னு யாரும் சொல்லல. வரிசையில நில்லுங்கன்னாங்க, நின்னோம். முற்றம் முழுக்க வரிசை. உள்ள ஒரு எந்திரம் ஓடல. ரெண்டு மணிக்கு மேனேஜரே வந்து கதவத் தட்டினாரு. டோக்கன் முறையே இனி கிடையாதுன்னு எழுதிக் கதவுக்குக் கீழ தள்ளுங்கன்னேன். தள்ளினாரு. அப்புறம்தான் வெளிய வந்தேன்."

"அப்போ சாரோட பேச்சு?"

"பன்னெண்டு மணிக்குப் பேசினாராம். நான்தான் உள்ள இருந்தேனே."

ஏணி இறங்கும் சத்தம் கேட்டது. தலையெல்லாம் ஒட்டடையோடு துணைச் செயலாளர் வந்து புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். முன்னால் உயர்ந்த அவர் கை. அதற்கப்பால் முற்றம் முழுக்க இருநூறு பெண்கள், வரிசையாக. இருநூறு பின்னந்தலைகள். எல்லாம் கழிவறைக் கதவைப் பார்த்து.

"சார், ஏன் எல்லாரும் திரும்பி நிக்கிறாங்க?"

"மேனேஜ்மென்ட் மூஞ்சிய அடையாளம் வெச்சுக்கக் கூடாதுல்ல? திரும்பி நின்னு கேட்டாங்க." நாற்பது வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில்.

அக்கா மரத்துண்டு ஒன்றை எடுத்துப் புகைப்படத்தின் மேல் வைத்தார். மூலையில் துளை, துளையில் நைந்த கயிறு. அன்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட டோக்கன். விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னார்.

என் ரெக்கார்டரில் அந்த இடத்தில் எட்டு விநாடி மௌனம் இருக்கிறது. இந்த வகையினரிடமிருந்து பதிவான மிக நீளமான மௌனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

"கக்கூஸ் வரிசையா?"

"வரிசைதான்."

"அம்பது நிமிஷம் பேசினேனே!"

"நல்லாத்தான் பேசினீங்களாம். நிக்கிற அலுப்பே தெரியலன்னாங்க."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"எங்க விட்டீங்க?"

அவர் புகைப்படத்தைப் பார்த்தார். டோக்கனைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார், பெரிய சிரிப்பு, ஒட்டடை உதிர்ந்தது. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து என்னிடம் குனிந்தார். "ஏம்மா, இதுதான் பிரமாதமான கதை. காலையில பனி. நல்ல பனி. இவ டோக்கன எடுத்தா. நான் சொல்றேன், எழுதிக்கோ."

எழுதவில்லை. பக்கத்தை அக்காவின் வார்த்தையிலேயே மாற்றி அன்று மாலை அச்சகத்துக்கு அனுப்பினேன். அனுப்புவதற்காகப் பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் ஒன்று தெரிந்தது. ஏணி நேரம் பதினொரு நிமிடம். அதில் அக்கா பேசியது ஏழு. மீதி நாலு நிமிடம், "அதாவது நீங்க சொல்ல வர்றது என்னன்னா" என்று ஒரு பெண் குரல். எனக்கு மிகவும் பழக்கமான குரல்.

உங்களுக்கு இந்த நோய் கிடையாது, நம்புகிறேன். ஆனால் இதை நீங்கள் வீட்டில் யாருக்காவது சத்தமாக வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லவேண்டும். டோக்கன் வந்த இடத்தில் அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். "இரு, முடிச்சிடறேன்" என்றீர்கள்.

முடிந்துவிட்டது. என்னவென்று கேளுங்கள்.