கிளினிக் கூட்டத்துக்கு ஒரு பொன்னாடை

பெரிய பதவியில் இருக்கிற யார் என்னிடம் எதைக் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்தான் வரும். "எல்லாம் நல்லா இருக்கு." யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் வருவதுபோல் வந்துவிடும். ஒருமுறை பல் பிடுங்கப் போனபோது, டாக்டர் இடுக்கியைப் பல்லில் வைத்துக்கொண்டு வலிக்கிறதா என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, நல்லா இருக்கு என்று தலையாட்டினேன். அவரும் என்னை நம்பி இழுத்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பிறந்தது மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டத்து மேனேஜர் துரை லயத்தைப் பார்க்க வருகிற நாளில் அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வந்திருக்காது. கூரை ஒழுகும். துரை கேட்பார். "எல்லாம் நல்லா இருக்குங்க தொரை" என்பார் அப்பா. துரை சந்தோஷமாகப் போய்விடுவார். அடுத்த மழைக்கு நாங்கள் ஒழுகுகிற இடத்தில் வைக்கச் சட்டி தேடுவோம். நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. அப்பாவிடம் படித்த இந்த ஒரு பாடம் மட்டும் மறக்கவே இல்லை.

அதனால் போன வருடம் என் தம்பியின் வேலை போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தம்பி பெயர் சந்திரன். இருபத்து மூன்று வயதில் அவனுக்கு மனநோய் வந்தது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். அந்த வருடங்களை எழுத எனக்குக் கை வராது, விட்டுவிடுகிறேன். இப்போது அவனுக்கு நாற்பத்து நான்கு. மாதம் ஓர் ஊசி. அதைத் தவறாமல் போட்டுக்கொண்டால் என்னைவிடத் தெளிவாக இருப்பான். (என் மனைவி புஷ்பம் இதைக் கேட்டால், "உங்கள விட தெளிவா இருக்கறதுக்கு ஊசி எதுக்கு?" என்பாள்.)

அப்போது அவன் புஞ்சாக் ஆலாமில் ஒரு மெத்தைத் தொழிற்சாலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் எந்த வேலையும் அவனுக்கு இரண்டு மாதத்தைத் தாண்டியதில்லை. தொழிற்சாலைச் சட்டையை அவனேதான் துவைப்பான், அவனேதான் இஸ்திரி போடுவான். அண்ணியைக்கூடத் தொட விடமாட்டான்.

தொல்லை எல்லாம் ஊசி போடுகிற நாளில்தான். ஊசிக்கு இரண்டு நிமிடம். அதற்குக் காத்திருக்க ஐந்து மணி நேரம். கிளினிக்கில் எல்லாரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்வார்கள். நம்பர் எடுத்து, கோப்பு தேடி, டாக்டரைப் பார்த்து, ஊசி அறைக்குப் போவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மாதம் ஒரு நாள் இப்படிக் காணாமல் போகிறவனுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று தொழிற்சாலை சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. (எந்த ஊர் கிளினிக் என்று கேட்காதீர்கள். அங்கே இருக்கிற நர்ஸ், அந்த மிஸ்ஸி முகத்தில் நான் அடுத்த மாதமும் விழிக்க வேண்டும்.) நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சனிக்கிழமை வந்து, கிளினிக்கை எப்படிச் சரிசெய்யலாம் என்று சொல்ல வேண்டுமாம். தலைமை டாக்டரே உட்கார்ந்து கேட்பாராம். சந்திரன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"அண்ணே, நீ ஒண்ணே ஒண்ணு கேளு. வேலைக்குப் போறவங்களுக்குச் சாயந்தரத்துல ஊசி போட முடியுமான்னு. அவ்ளோதான்."

"நீயே கேளேன் லா. உனக்குத்தான் மலாய் நல்லா வரும்."

"நான் கேட்டா கொறைன்னு எடுத்துக்க மாட்டாங்க. நோய் ஏறிருச்சும்பாங்க. போன வருசம், ஹால்ல மேல சுத்துற காத்தாடி சத்தம் போடுதுன்னு சொன்னேன். எத்தன நாளா சத்தம் கேக்குதுன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"மாத்திரைய ஒண்ணு கூட்டிட்டாங்க. காத்தாடி இன்னும் அப்படியேதான் கத்துது."

அவன் சிரிக்காமல் சொன்னான். எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த கையோடு, எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ள நேராக மணியம் ஐயாவிடம் போனேன். அவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் செயலாளர். எங்கள் வட்டாரத்தில் கல்யாணம், கருமாதி, கால்பந்துப் போட்டி எதுவானாலும் உரை எழுதித் தருகிறவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பொன்னாடைக்கு என்ன ஏற்பாடு?"

"அது கிளினிக் கூட்டங்கய்யா."

"கூட்டம் கூட்டந்தானப்பா. தலைவருக்கு ஒரு பொன்னாடை போடாம எப்படி வாயத் தொறப்ப? மொதல்ல மனச குளிர வைக்கணும். அப்புறந்தான் கேக்கணும்."

அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கம் பொன்னாடை இல்லாமல் ஒரு கூட்டத்தையும் நான் பார்த்ததில்லை. (கோயில் சாக்கடையைச் சுத்தம் செய்தபோது, மண்வெட்டி இரவல் கொடுத்தவருக்குக்கூடப் போட்டார்கள்.) கோயில் அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில், சரிகை வைத்த பொன்னாடை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாச்சை உருண்டை வாசம் தூக்கியது. "விரிச்சிட்டு மடிக்கக் கூடாது, போட்டே ஆகணும்" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு பக்கத்துக்கு மலாய் உரையும் எழுதித் தந்தார், தமிழ் எழுத்தில். முதல் பக்கம் முழுக்க நன்றி. இரண்டாம் பக்கத்திலும் நன்றிதான். கடைசி வரியில் சாயங்கால ஊசி.

நான் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவன். மூன்று நாள் செம்பனை மரங்களுக்கு முன்னால் நின்று அந்த உரையைப் பேசிப் பழகினேன். ஒரு மரமும் குறுக்கே பேசவில்லை.

சனிக்கிழமை வந்தது. கிளினிக் மாடியில் ஓர் அறை, நீள மேசை, இருபது பேர் இருக்கலாம். சந்திரன் இஸ்திரி போட்ட தொழிற்சாலைச் சட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சுவரில் வெள்ளைப் பலகை. அதில் மிஸ்ஸி மலாயில் தலைப்புகள் எழுதி வைத்திருந்தார். முதல் தலைப்பு, காத்திருக்கும் நேரம்.

தலைமை டாக்டர் உள்ளே வந்தார். நான் பழகியதெல்லாம் ஓர் ஆண்பிள்ளைக்கு. கழுத்து தடித்த, தொப்பை உள்ள ஒரு மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டு, மரங்களின் மேல் துண்டைப் போர்த்திப் பார்த்திருந்தேன். வந்தவர் தலையில் தூடோங் முக்காடு அணிந்த மலாய்க்கார அம்மா. என் தோள் உயரம்கூட இல்லை.

பொன்னாடையை மறந்துவிடுவோம் என்று பையை இறுக்கிப் பிடித்தேன். அதுதான் வினையாகப் போனது. அந்த அம்மா என் பையைப் பார்த்துவிட்டார்.

"நெறைய எழுதிக் கொண்டு வந்திருக்காரு போல. இவரே ஆரம்பிக்கட்டும்" என்றார் மலாயில். (அங்கே எல்லாரும் மலாயில்தான் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.)

எழுந்தேன். உரையின் இரண்டு தாளையும் மேசையில் பரப்பி வைத்தேன். பழகிய கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்குப் பைக்குள் போய்ப் பொன்னாடையை எடுத்து, உதறி, விரித்துவிட்டது. இரண்டு கையிலும் அகல விரித்த துணியோடு நான்கு அடி நடந்தேன். அந்த அம்மா கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரை அடி பின்னால் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஆண் ஒருவன் அவர் தோளில் துணி போர்த்துவது எப்படி? கிட்டே போக முடியாது. திரும்பிப் போகவும் முடியாது, விரித்தால் போட்டே ஆகணும். மாடு பிடிக்க வந்தவன் மாதிரி நடு அறையில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கக் கதவு திறந்தது. கிளினிக் சிப்பந்தி பாக் டின், இரண்டு கையிலும் பெரிய தட்டு நிறைய தே தாரே தேநீர் ஏந்திக்கொண்டு வந்தார். நான் யோசிக்கவில்லை. போய் அவருக்குப் போர்த்திவிட்டேன்.

"பாங், பனாஸ், பனாஸ்" என்றார் அவர். அண்ணே, சூடு, சூடு என்கிறார். தடுக்க அவருக்குக் கை இல்லை. தஞ்சோங் காராங்கிலிருந்து வந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா, இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். தட்டு சாய்ந்து ஒரு கிளாஸ் தேநீர் மேசையில் இருந்த என் உரையின் மேல் கொட்டியது.

முதல் பக்கம் தப்பித்தது. அதை வாசித்தேன். டாக்டருக்கு நன்றி, மிஸ்ஸிக்கு நன்றி, மருந்துக்கு நன்றி, கட்டடத்துக்கு நன்றி. இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். எழுத்து எல்லாம் கரைந்து ஓடிவிட்டது.

பக்கம் நனைந்துவிட்டது, அதனால் கேட்கவில்லை என்று நான் ரொம்ப நாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த ஒரு வரி எனக்கு மனப்பாடம். நாக்கு நுனியில்தான் இருந்தது.

தலைமை டாக்டர் நல்ல மனுஷி. நான் திண்டாடுவதைப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கா? ஏதாவது கஷ்டம் இருக்கா? சும்மா சொல்லுங்க."

என் இடுப்பில் துண்டு இல்லை, அவ்வளவுதான். மற்றபடி அப்படியே அப்பா. "செமுவா பைக், டாக்டர்" என்றேன். எல்லாம் நல்லா இருக்கு.

மிஸ்ஸி பலகைக்குப் போய், காத்திருக்கும் நேரம் என்பதற்குக் கீழே 'பிரச்சினை இல்லை' என்று எழுதினார். அழகான கையெழுத்து. சந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்தேன். அவன் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் இல்லை. எட்டு மாத வேலையை நான் நான்கு விநாடியில் தொலைத்துவிட்டேன்.

பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"டாக்டர், நான் ஒண்ணு கேட்டா மருந்தக் கூட்ட மாட்டீங்கன்னா கேக்குறேன்" என்றான் சந்திரன்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்களும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான். மிஸ்ஸி சிரிக்கவில்லை. தலைமை டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கூட்ட மாட்டேன். கேளுங்க."

"எங்க அண்ணன் சொன்னது நெசம் இல்ல. அவருக்குப் பெரியவங்களக் கண்டா பயம். ஊசி ரெண்டு நிமிசம், அதுக்கு அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கோம். எனக்கு வேல போகப் போவுது. வேல போனா வீட்டுல சும்மா உக்காருவேன். சும்மா உக்காந்தா அந்தக் குரல் திரும்பி வரும். அப்புறம் ஊசி போட்டு என்ன பிரயோசனம்? வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும் சாயந்தரம் போடுங்க. பலகையில எழுதுனத அழிச்சிருங்க."

சந்திரன் உட்காரப் போனான். பிறகு மறுபடி நிமிர்ந்தான்.

"இன்னொண்ணு. கீழ ஹால்ல அந்தக் காத்தாடி நெசமாவே சத்தம் போடுது."

"ஆமா டாக்டர், போடுது" என்றது கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பாக் டின். தோளில் சரிகைப் பொன்னாடையோடு, தட்டை இன்னும் கீழே வைக்காமல் நின்றிருந்தார். "நானும் ரெண்டு வருசமா சொல்றேன்."

மிஸ்ஸி பலகையில் எழுதியதை அழித்தார். அதன் பிறகு எல்லாரும் பேசினார்கள். தஞ்சோங் காராங் அம்மா மகனைப் பற்றிப் பேசி அழுதார். ஒரு சீனத் தாத்தா, நம்பர் கூப்பிடுவது காதில் விழவில்லை என்றார். பதினொரு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஒரு மணிக்கு முடிந்தது. அன்றைக்கும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம், ஆனால் அந்தத் தாமதத்தை யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மன்னிச்சிரு தம்பி என்றேன்.

"விடு அண்ணே. நீ ஒழுங்காக் கேட்டிருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்" என்றான் பின்னால் இருந்து.

எதுவும் உடனே நடக்கவில்லை. ஆள் பற்றாது, பார்க்கலாம் என்றுதான் தலைமை டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் கொடுத்து உதவினார். காத்தாடியை மட்டும் அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள். மூன்றாம் மாதம் மிஸ்ஸி போன் செய்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஊசி, ஆறு பேரை வைத்து முயன்று பார்க்கிறார்களாம். சந்திரனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கிளினிக் குழுவில் இப்போது அவன் ஓர் உறுப்பினர். கூட்டத்துக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. "நீ வந்தா பாக் டின் ஓடிருவாரு அண்ணே" என்கிறான்.

வீட்டில் என் மானம் போனது போனதுதான். குழம்பில் உப்பு கூடிப் போன நாளில் நான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் போதும், புஷ்பம் கைப்பிடித் துணியை எடுத்துத் தன் தோளில் தானே போர்த்திக்கொள்வாள்.

பொன்னாடையைப் பாக் டின் கோயிலுக்குத் திருப்பித் தரவில்லை. தனக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்லி, ஊசி அறையில் ஒரு நாற்காலியின் முதுகில் போட்டு வைத்திருக்கிறார். போன வியாழக்கிழமை சந்திரனோடு நானும் போயிருந்தேன். ஊசி போட்டு முடித்த மிஸ்ஸி திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்படி இருக்கீங்க? நல்லாத் தூங்குறீங்களா?"

இருபது வருடமாக அந்தக் கேள்வியை அங்கே யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"செமுவா பைக்" என்றேன்.

சந்திரன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். எழுந்து போய், நாற்காலியில் கிடந்த பொன்னாடையை எடுத்து, மெதுவாக உதறி விரித்தான்.

"இல்ல மிஸ்ஸி, தூக்கம் சரியா வர்றதில்ல" என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

"உக்காருங்க" என்றார் மிஸ்ஸி.