சிம் உள்ளதா, சிம் இல்லாததா?

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அது பொருள் வாங்காது, ஒப்பிடும். அதில் ஒருவர் எங்கள் மாடியில் குடியிருக்கிறார். ஒப்பீட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி வீடு வீடாகப் போய், முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர். கையில் இருப்பது பேச மட்டுமே உதவும் பழைய போன்.

"ஒரு டேப்லெட் வேணுங்க. பேஷண்ட் குறிப்பு எழுதணும், போற இடத்துல வழி தெரியணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா? வைஃபை மட்டும் உள்ளது விலை குறைவு, ஆனால் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடுவதில் ஜிபிஎஸ் உண்டு, ஆனால் மாதாமாதம் டேட்டா போட வேண்டும். போடலாம், ஆனால் அடுத்த மாடல் வரப்போகிறதாமே என்று பதினோரு கடை ஏறி இறங்கி, விற்பனையாளர்களுக்கே பாடம் நடத்தி, மூன்று மாதத்தை ஓட்டினார். கடைசியில் வாங்கியது எதை? முதல் நாளே யாரும் கை காட்டியிருக்கக்கூடிய சிம் மாடலை.

வாங்கினார், சரி. கொடுத்தாரா?

"வெளிய கொண்டு போனா கீழ விழுந்துடும்மா. நல்ல உறையா பார்த்துட்டிருக்கேன்."

ஒருநாள் காலை, ஒரே மாதிரி நின்ற நாற்பது அடுக்குமாடிகளுக்கு நடுவே அந்த அம்மாள் வழி தவறினார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"எந்தப் பக்கம் போறதுன்னே புரியலைங்க. மேப்புல பார்த்துச் சொல்லுங்க."

"நீ இப்ப எங்க இருக்க?"

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?"

"இதுல நான் இருக்கிற இடம்தாம்மா காட்டுது. ஆனா என்ன துல்லியம்! சோபா மேலயே புள்ளி வச்சிருக்கு!"

அம்மாள் போனை வைத்துவிட்டு, எதிரே வந்த காவலாளியிடம் வழி கேட்டார்.

முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, நோயாளிப் பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். "நீ வரலையேன்னு நானே எழுந்து பார்த்தேம்மா" என்றார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சண்டை போடவில்லை. கணவர் மடியிலிருந்த டேப்லெட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

"ஐயோ, உறை?"

"துண்டுல சுத்திக்கிறேன்."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் படிக்கும்போது நடுவில், 'அது என்ன மாடல், என்ன விலை?' என்று மனம் ஒரு நொடி கேட்டதா, இல்லையா? கேட்டிருந்தால், உங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டுவிட்டு எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.