தப்பு காய்ச்சிய பதினாறு பக்கம்

லிந்துலை வைரவன், மலையகத் தப்பிசை மேம்பாட்டு மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர் பதவியை இருபத்திரண்டு வருஷமாக அலங்கரித்து வருகிறார். அதில் தப்படித்தது முதல் இரண்டு வருஷம். மிச்சம் இருபதும் தப்புக்காகப் பேசினார். பேசிய இடமெல்லாம் சான்றிதழ் கொடுத்தார்கள். நாற்பத்தொன்று சேர்ந்தது. எங்கே போனாலும் பையில் சுமந்துகொண்டு போவார். தோள்வலிக்குத் தைலம் தனி.

இந்த வருஷம் அவருடைய நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது. நுவரெலியாவில், கம்பளம் விரித்த மேடையில், தப்புக்குப் பத்து நிமிஷம்.

தப்பு தோல் வாத்தியம். குளிரில் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சாமல் அடித்தால் ஈரச் சாக்கைத் துவைக்கிற சத்தம்தான் வரும். ஆகவே விழா அன்று காலை, மண்டபப் பொறுப்பாளர் டிலானியிடம் அவர் முறைப்படி அனுமதி கோரினார்.

"என்ன நெருப்புங்க ஐயா?" டிலானி படிவத்தைப் பார்த்தார். "சமையல், மின்சாரம், விபத்து. மூணுதான் இருக்கு."

"தோல் காய்ச்சுறதுங்க மிஸ்."

"சமையல்ல போட்டா சுகாதாரப் பரிசோதகர் வந்து தோலைப் பார்க்கணும்."

"அப்ப விபத்துன்னே போடுங்க."

"விபத்துன்னா இருபத்தொரு நாளைக்கு முன்னுக்கே அறிவிச்சிருக்கணுமே."

கடைசியில், மண்டபத்தின் பின்பக்கத் தகரக் கூரையின் கீழ் மூட்டினால் அது எந்தத் திணைக்களத்துக்கும் சொந்தமில்லாத நெருப்பு என்று தீர்ப்பானது.

கொண்டுவந்த சருகெல்லாம் மழையில் நனைந்திருந்தது.

"காகிதம் இருக்கா தலைவரே?" என்றான் தப்படிக்க வந்த அழகுமுத்து. "எம்மக சர்மிளா முன்வரிசையில உட்கார்ந்திருக்கா. ஒங்கப்பன் சாவு வீட்டுலதானே அடிப்பான்னு இஸ்கூல்ல கேக்குறாங்களாம். இன்னிக்குச் சத்தம் நல்லா வரணும்."

வைரவன் பையைத் திறந்தார். ஒரு சான்றிதழை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தீக்குச்சியில் காட்டினார். அது எரியவில்லை. சுருண்டு நாறியது. நாற்பத்தொன்றும் லெமினேட் செய்யப்பட்டவை. தியாகம் செய்யக்கூட வழியில்லை.

அடியில் லெமினேட் செய்யாத ஒன்று கிடந்தது. விழாவின் பிரதம அதிதி மதுசூதனன் ஐயா இன்றைக்கு வாசிக்கவேண்டிய உரை, பதினாறு பக்கம். எழுதியவர் வைரவன். பதினொரு வருஷமாக அவர்தான் எழுதுகிறார், திகதியை மட்டும் மாற்றி.

"குடுங்க தலைவரே. தப்பும் காயும், பேச்சும் இருக்காது."

வைரவன் ஒன்பதாம் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

நன்றாக எரிந்தது. அழகுமுத்து தோலைத் தட்டினான். கணீரென்றது. இந்தக் குளிரில் அந்தச் சூடு கால் மணி நேரம் நிற்கும்.

மதுசூதனன் ஐயா மைக்கின் முன்னால் நின்று கையை நீட்டினார்.

"உரை மழையில போயிருச்சுங்க ஐயா" என்றார் வைரவன்.

"பரவாயில்லை. நாட்டின் பொருளாதாரத்துக்கு நம் மலையகம்..." ஐயா தடுமாறினார்.

"முதுகெலும்பாகும்!" என்றது சபை.

"தேயிலைத் தூரின் அடியில்..."

"நம் முன்னோரின் வியர்வை!" சத்தமாகச் சொன்னது சர்மிளா. சபை கைதட்டியது. ஐயாவும் தட்டினார். எட்டுப் பக்கம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் சபை ஊமையானது. வழக்கமாக அந்த நேரம்தான் எல்லோரும் பிளேன்டீக்கு எழுந்து போவார்கள். ஐயா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அவ்வளவுதான் போல" என்று நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

அழகுமுத்து குச்சியை ஓங்கினான்.

"'ஓய்வறியாத் தொண்டர் வைரவன் அவர்கள்'..." என்று மேடையோரத்திலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது. வைரவனுடையதுதான். அவரே அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

"ஆங், ஓய்வறியாத் தொண்டர்!" ஐயா மைக்கிற்குத் திரும்பினார். மிச்சப் பக்கங்களையும் வைரவனே ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. அரை மணி நேரம் ஆனது.

தப்புக்கு ஒரு நிமிஷம் மிஞ்சியது. அழகுமுத்து அடித்தான். ஈரச் சாக்கு. சர்மிளா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபை வழக்கம்போல் கைதட்டியது.

டிலானி நாற்பத்திரண்டாவது சான்றிதழை நீட்டினார். வைரவன் வாங்கினார். கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் லெமினேட் செய்து வந்திருந்தது.

"கொஞ்சம் குடுங்க தலைவரே" என்று அழகுமுத்து அதை வாங்கி, தோலின் மேல் அழுத்தி வைத்து, விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான்.

"பத்தாது" என்று திருப்பிக் கொடுத்தான்.